பனி நாட்டில் பந்தடிக்க ஓர் இடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியில், மிஸிஸிப்பி நதி உற்பத்தியாகும் மின்னஸோட்டா மாநிலத்தில், அக்டோபர் முடிவதற்குள் மரங்கள் இலைகளை உதிர்த்துவிடும். நவம்பரில் ஏரிகளின் ஓரங்கள் உறையத் தொடங்கும். டிசம்பர் பிறந்தது முதல் மார்ச் மாதம் பாதி கழியும் வரையில், கோடையில் சிறுவர் சிறுமியர் ஓடியாடிய பேஸ்பால் மைதானங்கள் எங்கே எல்லைக்கோடு, எங்கே எறிமேடு என்று அடையாளம் தெரியாதபடி வெண்பனியின் கீழ் மறைந்து கிடக்கும். ஜனவரியில் பல நாட்கள் நண்பகலில்கூட வெப்பமானி உறைநிலையைத் தாண்டுவதில்லை. அப்படியிருந்தும் அந்த மாநிலம் பேஸ்பாலையும் சாஃப்ட்பாலையும் தன் சொந்த ஆட்டங்களாகவே பாவித்து வளர்த்துவந்திருக்கிறது. அதன் தலைநகரமான செயின்ட் பால் ஒன்றிலேயே டேவ் வின்ஃபீல்ட், பால் மாலிட்டர், ஜாக் மாரிஸ், ஜோ மாவர் ஆகிய நால்வர் பிறந்து, அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவமாகிய கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். வருஷத்தில் நாலைந்து மாத காலம் வெளியில் மட்டையைத் தொட முடியாத ஓர் ஊரில் இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று விசாரிக்கப் புகுந்தால், கிடங்குகளிலும், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபங்களிலும், வீட்டு மோட்டார் ஷெட்டுகளிலும் தொங்குகின்ற வலைகளிடம் போய்ச் சேருவோம்.

பேட்டிங் கூண்டு என்று அங்கே வழங்கும் அமைப்பு, கிரிக்கெட் வலைப்பயிற்சியை அறிந்த நம்மவர்களுக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. நாற்புறமும் மேற்புறமும் நைலான் வலையால் மூடிய நீண்ட கூடம். ஒரு கோடியில் மட்டையுடன் ஆட்டக்காரர். மறு கோடியில் பந்தெறியும் ஆள், அல்லது இயந்திரம். பெரியவர்களின் பேஸ்பாலுக்கு ஏற்ற கூண்டு சாதாரணமாக 70 அடி நீளமும், 12 முதல் 14 அடி வரை அகலமும், 12 அடி உயரமும் கொண்டிருக்கும். ஏனெனில் எறிபவருக்கும், மட்டை ஆட்டக்காரர் நிற்கும் இடமாகிய ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும் என்பது 1893ஆம் ஆண்டு முதல் மாறாத விதி, அதற்குப் பின்னும் முன்னும் ஆள் நிற்கவும் வலை அசையவும் சிறிது இடம் வேண்டும். சிறுவர்களுக்கும் சாஃப்ட்பாலுக்கும் 55 அடி நீளம் போதும். கோடையில் இந்தக் கூண்டு மைதானத்தின் மூலையில் யாரும் கவனியாமல் நிற்கும். அதற்கு ஒரு கூரையும் கூரைக்குக் கீழே ஓரளவு வெப்பமும் தேவைப்படும் காலத்தில்தான் அது அபூர்வப் பொருளாகிவிடுகிறது.

சில மாதங்கள் மட்டையைத் தொடாமல் இருந்தால் அப்படியென்ன நஷ்டம் என்று கேட்கலாம். மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பேஸ்பால், எறிபவரின் கையை விட்டு அரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் ஹோம் பிளேட்டைக் கடந்துவிடுகிறது. சாஃப்ட்பாலில் வேகம் 60 மைல் அளவிலேயே இருந்தாலும், கல்லூரி, உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு எறியும் தூரம் 43 அடியே ஆகையால், அவர்களுக்கும் அந்த அரை வினாடிதான் அவகாசம். அதற்குள் பந்தை இனங்கண்டு, அடிப்பதா விடுவதா என்று நிச்சயித்து, இடுப்பைத் திருப்பி, உருண்டையான மட்டையை உருண்டையான பந்தின்மேல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யோசித்துச் செய்ய நேரமில்லாத இக்காரியத்தை உடம்பு தானாகச் செய்யும்படி பழக்குவதற்கு இடைவிடாத அப்பியாசத்தைத் தவிர வேறு உபாயம் இல்லை. புளோரிடாவிலும், டெக்ஸாஸிலும், கலிபோர்னியாவிலும் வளரும் பிள்ளைகள் ஜனவரி வெயிலில் தினந்தோறும் அந்த அப்பியாசத்தைச் செய்துகொண்டிருக்க, வடக்கத்திப் பிள்ளை மார்ச் மத்தியில் பள்ளிப் பயிற்சி தொடங்கும் நாளில், அதுவும் மைதானம் ஈரம் உலராத காரணத்தால் ஜிம்னேசியத்துக்குள்ளேதான், முதன்முறையாக மட்டையை எடுக்க நேருகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு பெரிய ஆட்டக் களங்களிலும் தெரிகிறது. மின்னஸோட்டாப் பல்கலைக்கழகம் டிக் சீபர்ட் என்னும் பயிற்சியாளரின் கீழ் 1956, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை மூன்று முறை வென்றது. 1966இல் ஒஹாயோ ஸ்டேட் வென்றது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பிக் டென் என்னும் வடபுலப் பல்கலைக்கழகக் கூட்டத்தின் பழைய உறுப்பினர்களுள் ஒன்றுக்கும் அந்தப் பட்டம் கிட்டவில்லை. 2019இல் மிச்சிகன் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது. கல்லூரிப் பருவம் பிப்ரவரி மத்தியிலேயே ஆரம்பமாவதால், வடபுல அணிகள் முதல் சில வாரங்களை விமானத்திலும் அந்நிய மைதானங்களிலும் கழித்துவிட்டுத்தான் சொந்த ஊருக்குத் திரும்ப முடிகிறது. சாஃப்ட்பாலில் மாத்திரம், கரோல் ஹட்சின்ஸ் பயிற்றுவித்த மிச்சிகன் பெண்கள் 2005இல் தேசியப் பட்டம் வென்று, மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே உள்ள எந்தக் கல்லூரியும் அதுவரை பெறாத வெற்றியைப் பெற்றார்கள்.

சாஃப்ட்பால் பிறந்ததே குளிரினால்தான் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1887ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலும் திருநாளன்று, சிகாகோ நகரத்து ஃபாரகட் படகுக் கழகத்தில் சில வாலிபர்கள் யேல்–ஹார்வர்ட் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிவுச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். செய்தி வந்த உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி வீச, மற்றொருவர் கையில் அகப்பட்ட கழியால் அதை அடிக்க, அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் உடனே கையுறையைப் பந்துபோல் இறுகக் கட்டச் செய்து, தரையில் கோடு கிழித்து, விளக்குமாற்றுக் கழியை மட்டையாக்கி ஓர் ஆட்டத்தையே உருவாக்கிவிட்டார். அறைக்குள் ஆடும் பேஸ்பால் என்ற பெயரில் அது குளிர்கால விளையாட்டாகவே பரவிற்று. 1895இல் மினியாபொலிஸ் தீயணைப்புப் படையைச் சேர்ந்த லூயிஸ் ரோபர், வேலையில்லாத வேளைகளில் தம் ஆட்களின் தேகம் தளராமல் இருக்கும் பொருட்டு இதனை ஒத்த ஓர் ஆட்டத்தை வகுத்தார்; பூனைக்குட்டிகள் என்ற அணியின் பெயரால் கிட்டன் பால் என்று அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் வழங்கிற்று. இன்று கோடையில் லட்சக்கணக்கான பெண்கள் ஆடும் ஆட்டம், பனிக்கு அஞ்சிக் கூரையின் கீழ் ஒதுங்கியவர்களின் யுக்தியிலிருந்து வந்தது.

பந்தெறியும் இயந்திரத்தின் சரித்திரமும் இதே மின்னஸோட்டாவைத் தொட்டுச் செல்கிறது. நான்காவது பரிமாணத்தைப் பற்றி எழுதிப் பிரசித்தி பெற்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன், பிரின்ஸ்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அங்குள்ள அணியின் பயிற்சிக்காக 1897இல் வெடிமருந்தால் இயங்கும் ஒரு பீரங்கியைச் செய்தார். அதன் வாயில் பொருத்திய வளைந்த விரல்கள் பந்துக்குச் சுழற்சி கொடுத்து அதை வளைந்து போகச் செய்தன. வெடிச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவிலிருந்து பாய்ந்துவரும் பந்தை எதிர்கொள்ள மட்டை ஆட்டக்காரர்கள் நடுங்கியதில் வியப்பில்லை. சிலருக்குக் காயமும் பட்டது. அதே ஆண்டில் அவர் மின்னஸோட்டாப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்று சில வருஷங்கள் கற்பித்தார். பீரங்கி மறைந்துபோயிற்று, அதன் ஸ்தானத்தில் முதலில் இரும்புக் கையால் வீசும் இயந்திரங்களும், பின்னர் 1970களில் சுழலும் ரப்பர்ச் சக்கரங்களுக்கிடையே பந்தைச் செலுத்தி எறியும் இயந்திரங்களும் வந்தன.

வசதியுள்ளவர்களுக்கோ குளிருக்கு விடை எப்போதும் சுலபமாகவே இருந்தது: தெற்கே போய்விடுவது. 1886இல் கேப் ஆன்சன் தம் சிகாகோ அணியை ஆர்க்கன்ஸாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீர் ஊற்று நகரத்துக்கு அழைத்துச் சென்றார். இன்று முதல்தரத் தொழில்முறை அணிகள் யாவும் பிப்ரவரியில் புளோரிடாவுக்கும் அரிஸோனாவுக்கும் இடம்பெயர்கின்றன. போக முடியாதவர்களுக்குக் கூரை வேண்டும். மினியாபொலிஸ் நகரத்தில் 1982இல் திறக்கப்பட்ட மெட்ரோடோம், டெஃப்ளான் பூசிய கண்ணாடியிழைத் துணியைக் காற்றழுத்தத்தால் தாங்கி நிறுத்திய பிரம்மாண்டமான கூரையை உடையதாக இருந்தது. மின்னஸோட்டா டுவின்ஸ் அணி 1987இலும் 1991இலும் உலகத் தொடரை வென்றது அந்தக் கூரையின் கீழ்தான். ஆனால் என் மனத்தைக் கவர்வது அந்த வெற்றிகளைக் காட்டிலும், பிப்ரவரி மார்ச் மாதங்களில் பெயர் தெரியாத சிறு கல்லூரிகளின் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, நள்ளிரவு கடந்தும் ஆடிவிட்டுப் போன அந்த இரவுகளே. 2010 டிசம்பர் 12ஆம் தேதி பெரும்பனியின் பாரம் தாங்காமல் கூரை கிழிந்து சரிந்தது. பழுது பார்த்து மீண்டும் நிறுத்தினார்கள். 2014இல் முழுவதையும் இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் 2016இல் எழுந்த புதிய அரங்கம் அமெரிக்கக் கால்பந்துக்கென்று கட்டப்பட்டதெனினும், கல்லூரி பேஸ்பாலுக்கும் இடம் கொடுக்கும்படி ஆசனங்களைப் பின்னுக்கு இழுக்கும் ஏற்பாட்டை அதில் செய்திருப்பது மெச்சத்தக்கது.

அரங்கங்கள் கல்லூரிகளுக்கு உதவும். பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜனவரி மாத மாலையில் பந்தடிக்க ஓர் இடம் தேடும் தாய் தந்தையர் எங்கே போவது? முதலில் கண்ணில் படுவன தனியார் நடத்தும் பயிற்சிக் கூடங்கள். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைகளில், உயரமான கூரையுள்ள பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, செயற்கைப் புல் விரித்து, கம்பி வடங்களில் வலைகளைத் தொங்கவிட்டு நான்கோ ஆறோ கூண்டுகள் அமைத்திருப்பார்கள். சில இடங்களில் டோக்கன் போட்டால் இயந்திரம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பந்துகளை எறியும். சில இடங்களில் அரை மணி அல்லது ஒரு மணி என்று கூண்டையே வாடகைக்கு எடுக்க வேண்டும். அடுத்தது காற்றுக் கூடாரங்கள்: கால்பந்து மைதானத்தின்மேல் நவம்பரில் விரித்து, விசிறிகளால் ஊதி நிறுத்தி, ஏப்ரலில் சுருட்டி வைக்கும் இவற்றின் ஓரங்களில் பேட்டிங் வலைகளைத் தொங்கவிடுவதுண்டு. பல்கலைக்கழகங்களின் உள்விளையாட்டு மண்டபங்களும், நகரசபைகளின் பொழுதுபோக்கு நிலையங்களும், பள்ளிக்கூடங்களும் எஞ்சியவை.

இவற்றைத் தேடுவோர் பொதுவாகச் செய்யும் பிழை, குளிர் வந்த பிறகு தேடத் தொடங்குவது. சங்கங்களும் அணிகளும் இலையுதிர் காலத்திலேயே குளிர்காலம் முழுவதற்கும் மாலை நேரங்களை மொத்தமாகப் பதிவு செய்துவிடுகின்றன. ஜனவரியில் தனியாளாகப் போய்க் கேட்பவருக்கு மிஞ்சுவது வாரநாட்களின் பிற்பகலும், இரவு ஒன்பது மணிக்கு மேற்பட்ட நேரமும், விடுமுறை நாட்களின் விடியற்காலையுமே. ஆகவே, செப்டம்பரிலேயே நான்கு குடும்பங்கள் ஒன்றுகூடி வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் பங்கிட்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். செலவும் நாலிலொரு பங்காகும், ஒருவர் எறிய ஒருவர் அடிக்கத் துணையும் கிடைக்கும்.

சாஃப்ட்பால் ஆடும் பெண்களின் பெற்றோர் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். பெயரளவில் இரண்டு ஆட்டங்களுக்கும் இடம் உண்டு என்று சொல்லும் கூடங்கள் பலவற்றில் இயந்திரங்கள் பேஸ்பாலுக்கென்றே நிறுத்தப்பட்டிருக்கும். பேஸ்பால் 9 அங்குலச் சுற்றளவு உள்ளது, சாஃப்ட்பால் 12 அங்குலம். ஒன்றுக்கு அமைத்த சக்கர இடைவெளி மற்றொன்றுக்குப் பொருந்தாது. பேஸ்பாலில் பந்து தோளுக்கு மேலிருந்து இறங்கி வருகிறது. சாஃப்ட்பாலில் எறிபவரின் இடுப்பருகே கையைவிட்டுப் புறப்படுகிறது. உயரமான முக்காலியிலிருந்து இறங்கும் பந்தையே குளிர்காலம் முழுவதும் அடித்துப் பழகிய பெண், ஏப்ரலில் மைதானத்துக்கு வந்து, தாழ இருந்து எழும்பி வரும் பந்தைக் கண்டு திகைப்பாள். இயந்திரத்தின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது, 43 அடியில், சிறுமிகளானால் 40 அல்லது 35 அடியில், அதை நகர்த்தி வைக்க அனுமதிப்பார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்னரே தெரிந்துகொள்வது அவசியம். பெண்களுக்கான இந்தச் சிறு ஏற்பாட்டைக்கூடச் செய்யாமல் பெயர்ப் பலகையில் மாத்திரம் சாஃப்ட்பாலைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நியாயமாகாது.

கூடத்தின் வெப்பத்தையும் விசாரிக்க வேண்டும். சரியாகச் சூடேற்றாத கிடங்கில் பந்து கல்லாய் இறுகியிருக்கும். மட்டையின் சரியான இடத்தில் படாத ஒவ்வோர் அடியும் விறைத்த விரல்களில் சுரீரென்று வலியை ஏற்றும். பிள்ளை வலிக்கு அஞ்சிக் கையைத் தளர்த்தி வீசக் கற்றுக்கொள்வாள். கார்பன் இழையால் ஆன காம்பஸிட் மட்டைகள் குளிரில் எளிதில் விரிசல் விடுவன. ஏறத்தாழ 60 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே உபயோகிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். குழிகள் உள்ள கடினமான இயந்திரப் பந்துகளும் அவற்றுக்கு ஆகாதவை. விலையுயர்ந்த மட்டையைக் கோடைக்குப் பத்திரப்படுத்திவிட்டு, கூண்டுக்குப் பழைய அலுமினிய மட்டையை எடுத்துச் செல்வதே உசிதம். அதையும் இரவு முழுவதும் காரில் உறையவிடலாகாது.

இவ்வளவு சொன்னபின் இயந்திரத்தைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது இன்றியமையாதது என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனிதர் எறியும்போது அவருடைய தோளும் மணிக்கட்டும் முன்கூட்டியே தரும் சைகைகளைக் கண்டு கண் பழகுகிறது. இயந்திரம் அந்தச் சைகைகளில் ஒன்றையும் தருவதில்லை. டீ என்னும் இடுப்புயரத் தண்டின்மேல் பந்தை நிறுத்தி அடிப்பதும், எல் வடிவத் தடுப்புவலையின் பின்னால் அமர்ந்து ஒருவர் அருகிலிருந்து மெதுவாக எறிய அடிப்பதும், பணத்திலும் இடத்திலும் பாதிகூடக் கேளாமல் அதிக நன்மை தருவன. ஜோ மாவரின் கதை இதற்குச் சான்று. அவருடைய தகப்பனார், மேல்வாயில் போட்ட பந்து வளைந்து கீழ்வாயில் சட்டென்று விழும்படி குழாயினால் ஒரு சிறு சாதனத்தைத் தாமே செய்து, பனிக்காலத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே அடித்துப் பழகும்படி வைத்தார். அந்த வீட்டுப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு ஆட்டமிழத்தல், ஆனார். 2006, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கன் லீகின் மட்டை ஆட்டப் பட்டத்தை வென்றார். மட்டை ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர்களில், அந்தப் பட்டத்தை மூன்று முறை வென்றவர் அவரையன்றி வேறெவரும் இல்லை. ஐயோவா மாநிலத்துப் பண்ணைச் சிறுவனாக இருந்து புகழ்பெற்ற எறிபவராகிய பாப் ஃபெல்லரும் குளிர்காலத்தில் களஞ்சியத்துக்குள்ளே தகப்பனாருக்குப் பந்தெறிந்து பழகியவர்தாம்.

எறிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வளரும் பிள்ளைகள் வருஷத்தில் நான்கு மாதமாவது பந்தெறிவதை நிறுத்தி, அவற்றுள் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாகத் தோளுக்கும் முழங்கைக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விளையாட்டு வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். வெயில் நாட்டுப் பிள்ளைக்கு அந்த ஓய்வைப் பலவந்தமாக விதிக்க வேண்டியிருக்கிறது. பனி நாட்டுப் பிள்ளைக்கு இயற்கையே விதிக்கிறது. கூண்டு மட்டைக்காகவே இருக்கட்டும்.

ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கோமாஸவா தோமாகோமாய் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பனியை மிதித்து இறுக்கிய திறந்தவெளியிலேயே குளிர்காலப் பயிற்சி செய்து, 2004இலும் 2005இலும் கோடைக் கோஷியென் என்னும் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார்கள். அதற்கு முன் ஹொக்கைடோவுக்கு அந்தப் பட்டம் வந்ததே இல்லை. அவர்களுடைய உறுதியை வணங்குகிறேன். ஆயினும் எல்லாக் குழந்தைகளையும் பனியில் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆக, இந்தப் பயிற்சிக்கு வேண்டியது ஒரு கூரை, ஒரு வலை, ஒரு டீ, எறிய ஒரு மனிதர், திறந்த கதவு. இவற்றில் முதல் நான்கும் வட அமெரிக்காவின் பெரும்பாலான சிற்றூர்களில் இருக்கின்றன, அல்லது எளிதில் கிடைக்கும். பள்ளி ஜிம்னேசியத்தின் உத்தரத்தில் ஏற்றி இறக்கும் வலையொன்றைக் கட்டுவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஐந்தாவது மாத்திரம் பல ஊர்களில் இல்லை. கூடைப்பந்து முடிந்ததும் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதன் பயனாக, கிடங்குக் கூண்டின் வாடகையைக் கொடுக்க வல்ல வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மாதமும், கொடுக்க வழியற்ற வீட்டுப் பிள்ளைக்கு ஏழு மாதமுமாக ஆட்டம் பங்கிடப்படுகிறது. இதைக் குளிரின் குற்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது.

டொராண்டோவிலும் மினியாபொலிஸிலும் அவற்றைப் போன்ற பனி நகரங்களிலும் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளித் தோழர்களைப் பார்த்து மட்டையைத் தூக்கிய பிள்ளைகள் ஒருபுறம் இருக்க, கிரிக்கெட் வலைப்பயிற்சிக்கு 22 கஜம், அதாவது 66 அடி, தேடி அலைபவர்களுக்கும் 70 அடிக் கூண்டு பெரும்பாலும் பயன்படும். இரு சாராரும் சேர்ந்து கேட்டால் குரல் வலுக்கும். அமெரிக்க ஊர்களில் பள்ளி நிர்வாகக் குழுக்கள் பகிரங்கமாகக் கூடுகின்றன. பெரும்பாலான இடங்களில் ஊர்வாசிகள் எவரும் எழுந்து பேசலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த செப்டம்பரில் உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவின் கூட்டத்துக்குச் செல்லுங்கள்; வாரத்தில் இரண்டு இரவுகள் ஜிம்னேசியத்தைத் திறந்து வைக்கும்படியும், அதில் ஓர் இரவைப் பெண்களின் சாஃப்ட்பாலுக்கென்று ஒதுக்கும்படியும் எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள்; வலைக்கும் பந்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை நாங்களும் தருகிறோம் என்று அதே விண்ணப்பத்தில் சேர்த்து எழுதுங்கள்.